கண்டெடுத்த நாள்

பேர்னிலிருந்து வரும் கடைசி ரயில்
ஓல்ட்டனில் படுத்துக்கொள்ளும்.
எட்டுப் பெட்டி. எனக்கும் அடெலீனோவுக்கும்
ஐம்பது நிமிடம்.
ஆறாம் பெட்டியில், யன்னலோரம்,
பியர் சிந்திக் காய்ந்த இருக்கையில்
அந்த நாவல் கிடந்தது.

கையுறை, குடை, ஒற்றைச் செவிக்கருவி,
ஒருமுறை ஒரு முழு வயலின்:
எல்லாவற்றையும் அன்றன்றே ஒப்படைத்தவன் நான்.
இதை மட்டும் ஜாக்கெட்டுக்குள் செருகினேன்.
"புத்தகம்தானே" என்றான் அடெலீனோ,
"யார் தேடப்போகிறார்கள்?"

என் ஜெர்மன், படிவங்களின் ஜெர்மன்.
ஒரு பக்கம் முடிவதற்குள்
ஒரு தேநீர் ஆறிப்போகும்.
கதை இவ்வளவுதான்:
எல்லையோரம், பனி மூடிய ஊர். கெடுபிடிக் காலம்.
பாண் சுடுகிறவன் ஒருவன்.
இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டுப்படுகிறது.
மாவு ஒட்டிய கை அப்படியே நிற்கிறது.
மாடியில் மூன்று பிள்ளைகள்.
விளக்கை ஊதி அணைக்கிறான்.
விடிந்து பார்த்தால்
வாசல்வரை வந்த காலடிகள் இருக்கின்றன,
திரும்பிப் போனவை இல்லை.

ஓரமெல்லாம் பென்சில்.
சாய்ந்த, பொறுமையில்லாத கையெழுத்து.
நாற்பத்தொன்றில்: வேறென்ன செய்திருப்பான்?
அடுத்த பக்கத்தில்: பிள்ளைகள் இருந்தார்கள்!
ஆச்சரியக்குறி தாளைக் கிழித்திருந்தது.
எண்பதில்: பாதிரியார் பொய்யர்.
நூற்றிப்பத்தில் எழுதியதை
எழுதியவரே அழித்திருந்தார்.
விளக்கில் சாய்த்துப் பிடித்தேன்.
ஓர் 'இஹ்' மட்டும் தப்பியிருந்தது.
நான்.

போன நவம்பர். மூடுபனி
ஆற்றிலிருந்து படியேறி நான்காம் மாடிவரை வந்த இரவு.
சப்பாத்துக் கழற்றாமல் படுத்திருந்தேன்.
கீழ்வீட்டு சூர்புருக் அம்மா என்று
தட்டுகிற விதத்திலேயே தெரியும்:
இரண்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று.
உப்புக் கேட்பார். பல்ப் மாட்டித்தரக் கேட்பார்.
ஒருமுறை, இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டார்.
அன்று நான்
மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன்.
மறுபடியும் தட்டினார்:
இரண்டு, ஓர் இடைவெளி.
ஒன்று வரவில்லை.

பத்து நாளில் அழைப்புமணியில் வேறு பெயர்.
முதியோர் இல்லமா, மகள் வீடா, மண்ணா?
தபால்காரியிடம் கேட்டிருக்கலாம்.
கேட்டால் பதில் வந்துவிடுமே.

பாண்காரனுக்கு முந்நூறு பக்கம் கிடைத்தது.
நியாயம் சொல்ல ஒரு பாதிரியார்,
பேசாமல் கொல்ல ஒரு மனைவி,
பரிந்துபேச ஒரு பென்சில்.
அவன் வாசலில் நின்றது ஓர் உயிர்,
என் வாசலில் அநேகமாக உப்பு
என்று தராசை நானே பிடிக்கிறேன்.
தட்டும் நான்தான். படியும் நான்தான்.

முடிவில் அவனை யாரும் மன்னிக்கவில்லை.
தண்டிக்கவும் இல்லை.
நடுக்கோடையிலும் அவன் வாசலில்
பனி தள்ளும் மண்வெட்டி சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.
எனக்குக் கோபம் வந்தது.
மூன்று கிழமைத் தேநீர் ஆறியது இதற்கா?
பிறகு நூற்றிப்பத்தைத் திருப்பி
அந்த 'இஹ்'ஹுக்குப் பக்கத்தில்
தமிழில் இரண்டே எழுத்து எழுதினேன்:
உம்.

ஒப்படைக்கும் படிவத்தில்
'கண்டெடுத்த நாள்' என்றொரு கட்டம்.
இன்றைய திகதி போட்டால் யாருக்கும் நட்டமில்லை.
பேனா அதன் மேல்
மாவு ஒட்டிய கைபோல் நின்றது.
ஜனவரி ஒன்பது என்று எழுதினேன்.

கவுண்டரில் இருந்த பெண்
நாட்காட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"மெதுவாக வாசிக்கிறவன்" என்றேன்.
சிரிக்காமல் எண்சீட்டைக் கட்டினாள்.
யாராவது தேடி வந்தார்களா என்று
கேட்டேவிட்டேன்.
திரையில் விரலை ஓட்டினாள்.

"ஒருவர். இரண்டு முறை வந்திருக்கிறார்.
இந்தக் கிழமை வரவில்லை."